பதினாறு படிகளும் ஒரு பதிவு எண்ணும்: போர்ட் லூயியிலிருந்து மோக்காவுக்கு

மொரீசியஸின் போர்ட் லூயியில், ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் இறங்கிப் பதிவான படித்துறை ‘ஆப்ரவாசி காட்’. அங்கே வருகிறவர்களில் பலர் படிகளைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அரை மணி நேரம் வீண் போவதில்லை. ஆனால் முப்பாட்டன் எந்த ஊர்க்காரர், எந்தக் கப்பலில் வந்தார், கூட யார் வந்தது என்ற கேள்வி உங்கள் வீட்டில் பதில் இல்லாமல் கிடக்கிறதென்றால், அதற்கான விடை படிகளில் இல்லை. மோக்கா ஊரில், மகாத்மா காந்தி நிறுவனத்தின் இந்தியக் குடியேற்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இரண்டு இடங்களையும் ஒரே பயணமாகச் செய்தால்தான் முழுப் பயன். கையில் காகிதம் இல்லாமல் போனால் இரண்டாவது இடத்தில் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

முதலில் காட். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் என்றதும் பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். எஞ்சியிருப்பது சுமார் 1,640 சதுர மீட்டர்தான். வந்தவர்களைப் பதிந்து தங்கவைத்த பழைய டிப்போவின் ஒரு பகுதியைப் பின்னால் வந்த நெடுஞ்சாலை விழுங்கிவிட்டது. வாயிற்காவலர் அறை, மருத்துவமனைப் பகுதி, சமையற்கட்டு, குளிக்கும் இடம், கழிப்பறை வரிசை, ஆட்களைத் தங்கவைத்த கொட்டகையின் மிச்சம், இவற்றோடு அந்தப் பதினாறு கருங்கற்படிகள். அனுமதி இலவசம். ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை அரை நாள்தான். வெயில் நேரத்தில் கல் சுடும், நிழல் குறைவு, ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். விளக்கம் கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலத்தில் கிடைக்கும். பாட்டிமாரை அழைத்துப் போனால் கிரியோலில் சொல்லக் கேட்பதே நல்லது.

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 1834 நவம்பர் 2-ஆம் தேதி ‘அட்லஸ்’ கப்பலில் வந்த 36 பேர் இந்தப் படிகளில் ஏறினார்கள் என்று வீட்டிலும் மேடையிலும் சொல்வதுண்டு. டிப்போ இந்த இடத்தில் அமைந்தது 1849-இல். அந்த முப்பத்தாறு பேரும் கல்கத்தா வழியாக வந்த மலைவாழ் மக்கள், மாதம் 5 ரூபாய்க் கூலிக்கு ஒப்பந்தமானவர்கள். உங்கள் முன்னோர் 1849-க்கு முன் வந்தவரென்றால், இன்று நீங்கள் பார்க்கும் இந்தக் கட்டடங்களை அவர் கண்டிருக்க மாட்டார். இதனால் படிகளின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் எந்த ஆண்டு வந்தார் என்று தெரிந்துகொண்டு அங்கே நிற்பதும் தெரியாமல் நிற்பதும் ஒன்றல்ல.

பக்கத்திலேயே இருக்கும் விளக்க மையம் 2014-இல் திறக்கப்பட்டது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கப்பல் பயணம், டிப்போ நடைமுறை, தோட்ட வாழ்க்கை என்று வரிசையாகப் புரியவைக்கிறார்கள். ஒரு குறை: வந்தவர்களில் பெரும்பகுதி கல்கத்தா வழியாக வந்தவர்கள் என்பதால் சொல்லும் கதையும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயரே இந்திதான், ‘குடியேறிகளின் படித்துறை’ என்று பொருள். 1987 வரை அதன் பெயர் ‘கூலி காட்’. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் சிறு தொகையல்ல. அவர்களின் தனிக் கதை அங்கே சிதறித்தான் கிடைக்கும், நீங்களே தேடிக் கோத்துக்கொள்ள வேண்டும்.

படிகளைவிட முக்கியமான காரியம் ஒன்று இதே டிப்போவில் நடந்தது. வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஓரிரு நாளில் ஆள் தோட்டத்துக்குப் போய்விடுவார், எண் மட்டும் சாகும்வரை அவரை விடாது. கல்யாணப் பதிவில், பிள்ளையின் பிறப்புப் பதிவில், மரணப் பதிவில், போலீஸ்காரர் பிடித்துக் கேட்ட சீட்டில், எங்கும் அந்த எண். இன்று மோக்காவில் கதவைத் திறக்கும் சாவியும் அதுவே.

எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? உங்கள் சொந்த ‘ஆக்ட் நேசான்ஸ்’ என்ற பிறப்புப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். அதில் உள்ள பெற்றோர் பெயரைக் கொண்டு அவர்களின் கல்யாணப் பதிவு, அதிலிருந்து அவர்களின் பிறப்புப் பதிவு, பிறகு தாத்தா பாட்டி என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். கணினியில் அச்சடித்துத் தரும் சுருக்கப் பிரதி போதாது. பழைய பதிவேட்டுப் பக்கத்தின் முழு நகலைக் கேளுங்கள். ‘குடியேறி, எண் இத்தனை’ என்ற சொற்கள் பெயரை ஒட்டியோ ஓரத்திலோ இருக்கும், சுருக்கத்தில் அவை விழுந்துவிடும். மேலே போகப்போக வரும் ஒரு பதிவில் தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து அல்லது ஆறு இலக்க எண் தெரிந்தால் நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள். எண்ணின் ஓர் இலக்கம் தவறினாலும் வேறொருவரின் முப்பாட்டனைக் கையில் வாங்கிக்கொண்டு வருவீர்கள். பழைய கையெழுத்தில் 1-க்கும் 7-க்கும், 3-க்கும் 5-க்கும், 0-க்கும் 6-க்கும் குழப்பம் சகஜம். ஒரே ஆளின் எண்ணை இரண்டு வெவ்வேறு பத்திரங்களில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

தேடல் பெரும்பாலும் இடறி விழுவது பெயரில்தான். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆள் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். இங்கே பதிவு முறை குடும்பப் பெயர் கேட்டது, எழுத்தர் தகப்பன் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார். அடுத்த தலைமுறையில் மறுபடி தகப்பன் பெயர் அந்தக் கட்டத்துக்கு வந்தது. ஆகவே இரண்டு மூன்று தலைமுறைக்குக் குடும்பப் பெயர் மாறிக்கொண்டே போய், எங்கோ ஓரிடத்தில் உறைந்துவிட்டிருக்கும். ‘நம் வீட்டுப் பெயர் இது, இதே பெயரில் கப்பல் பதிவில் தேடுங்கள்’ என்று கேட்பது அதனால் பலிக்காது.

எழுத்துக்கூட்டலைக் கண்ணால் பார்க்காமல் வாயால் சொல்லிப் பாருங்கள். எழுதியவரின் காது பிரெஞ்சுக் காது அல்லது ஆங்கிலக் காது. ‘ஆர்மூகம்’ என்பது ஆறுமுகம். ‘கனபாடி’ கணபதி. ‘சினாத்தாம்பு’ சின்னத்தம்பி. ‘பெர்மால்’ பெருமாள். ‘வலாயடன்’ வேலாயுதன். ‘பஜானியாண்டி’ பழனியாண்டி, ழகரம் பிரெஞ்சுக் காதில் ஜகரமாக விழுந்ததன் தடம். ஒரே ஆள் கப்பல் பதிவில் ஒரு மாதிரியும், கல்யாணத்தில் இன்னொரு மாதிரியும், மரணத்தில் மூன்றாவது மாதிரியும் எழுதப்பட்டிருப்பார். ஆகவே விண்ணப்பத்தில் நீங்கள் கண்ட எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதிக் கொடுங்கள், தமிழில் அது என்ன பெயராக இருக்கும் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். தமிழ் தெரிந்த ஒரு பெரியவர் கூட இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். தமிழ் படிக்கக் கற்ற பிள்ளைகள் வீட்டில் இருப்பதன் பலன் இப்படிப்பட்ட இடத்தில் தெரிகிறது.

இனி மோக்கா. காட் பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கே ஆப்ரவாசி காட் என்றுதான் பெயர். அங்கே ஏறி ரோஸ் ஹில்லில் மாறினால் 2023-இல் திறந்த கிளைப் பாதை ரெதுயி வரை போகிறது. அங்கிருந்து நிறுவனம் பக்கம்தான். பதிவேடுகள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் நீங்களே புரட்டிப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். நீங்கள் கொடுக்கும் எண்ணையும் பெயரையும் வைத்து ஊழியர்கள் தேடுவார்கள். முன்கூட்டியே தொடர்புகொண்டு நாள் கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணம், எத்தனை நாளில் சான்று தருவார்கள், எந்தெந்தப் பத்திரத்தின் நகல் வேண்டும் என்பதை அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அதே வளாகத்தில் உள்ள குடியேற்ற நாட்டுப்புற அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பாத்திரம், நகை, வாத்தியம் என்று சிறிய தொகுப்புதான், ஆனால் வீட்டில் பாட்டி வைத்திருந்த சாமான் ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது.

பதிவேட்டில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவது உதவும். எண். பெயர். தகப்பன் பெயர். வயது, பெரும்பாலும் கண்ணளவில் போட்டது, ஆகவே ஐந்து வருடம் முன்பின் இருக்கலாம். உயரம் அடியிலும் அங்குலத்திலும். சாதி. உடல் அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் அம்மைத் தழும்பு, கையில் பச்சை. பிறகு கிராமம், தாலுகா, ஜில்லா. கப்பல் பெயர், வந்த தேதி, ஒப்படைத்த தோட்டம். எல்லாக் கட்டமும் எப்போதும் நிரம்பியிருக்காது. உடல் அடையாளக் கட்டத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிவைத்த விவரம் அது. இன்று ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே வரியும் பல குடும்பங்களில் அதுதான்.

புகைப்படம் எல்லோருக்கும் கிடைக்காது. ஒப்பந்தம் முடித்த ‘பழைய குடியேறிகள்’ படத்தோடு கூடிய சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று 1867-இன் 31-ஆம் சட்டம் கட்டாயப்படுத்தியது. சீட்டு தொலைந்தால் காசு கட்டித்தான் மறுசீட்டு வாங்க முடியும். சீட்டில்லாமல் வெளியே அகப்பட்டால் நாடோடிக் குற்றம். இதை எதிர்த்து 1871-இல் மனு எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசின் விசாரணைக் குழுவான ராயல் கமிஷன் வந்து விசாரித்தது. எனவே 1867-க்கு முன்பே இறந்துபோனவர்களின் படத்தைத் தேடி அலைய வேண்டாம். 1840களில் வந்தவராக இருந்தாலும் 1867-க்குப் பிறகு உயிரோடிருந்திருந்தால் வயதான முகமாவது கிடைக்க வாய்ப்புண்டு, கேட்டுப் பாருங்கள்.

அனுபவமுள்ளவர்கள் தவறாமல் செய்யும் ஒரு காரியம்: உங்கள் எண்ணுக்கு முன்னே பத்து, பின்னே பத்து எண்களையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது. எண் வரிசையாகக் கொடுக்கப்பட்டதால் ஒரே ஊரிலிருந்து ஒன்றாகக் கிளம்பியவர்கள் அடுத்தடுத்து நின்றிருப்பார்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பக்கத்துத் தெருக்காரர் அங்கேதான் அகப்படுவார்கள். உங்கள் ஆளின் கிராமப் பெயர் சிதைந்திருந்தால் பக்கத்து வரியில் அதே பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

இப்போது கடினமான பகுதி. ஆவணம் நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தாது. தாத்தா சொன்ன கதைக்கும் காகிதத்துக்கும் பொருந்தாத இடங்கள் வரும். குடும்பமாகப் போகிறவர்கள் இதை முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி மனத்தைக் குத்துவது, கொள்ளுப் பாட்டனின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லாமல் தாய் பெயர் மட்டும் இருப்பது, அல்லது ‘முறைப்படி பிறக்காத பிள்ளை’ என்ற பொருளில் ஒரு சொல் இருப்பது. இதைப் பார்த்துக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. கோவிலில் தாலி கட்டிய கல்யாணத்தை அன்றைய சட்டம் கல்யாணமாக ஏற்கவில்லை. சிவில் பதிவு செய்யாத தம்பதிக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லோரையும் அப்படித்தான் எழுதினார்கள். ஊர் கூடி நடத்திய கல்யாணம், மஞ்சள் கயிறு, பந்தி எல்லாம் இருந்தும் பதிவேட்டில் அந்தச் சொல் வந்துவிடும். இதை நன்றாக விளங்கிக்கொண்டு, கூட வரும் பெரியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்பது வயதுப் பெரியம்மாவுக்கு அந்தச் சொல்லை ஓர் அலுவலக மேசையில் முதன்முறையாகப் படித்துக் காட்டும் நிலை வரக்கூடாது.

சாதிக் கட்டமும் அப்படித்தான். வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது ஒன்று, எழுத்தர் எழுதியது வேறு என்றால் உடனே யாரையும் பொய்யராக்க வேண்டாம். சென்னை வழி வந்தவர்களை ‘மலபார்’ என்றும், தெலுங்கரை ‘ஜென்ட்டூ’ என்றும் மொத்தமாக எழுதித் தள்ளிய பதிவுகள் ஏராளம். ஆளெடுப்பவரிடம் வேண்டுமென்றே வேறு சாதி சொன்னவர்களும் இருந்தார்கள், ஊரைவிட்டு வருவதற்கே அதுதான் காரணமாகவும் இருந்திருக்கலாம். அந்த ஒரு சொல்லை வைத்து இன்று சம்பந்தம் பேசுவதோ சண்டை போடுவதோ அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

தனியாக வந்த பெண்ணின் பெயர் வந்தால் நிதானமாகப் படியுங்கள். விதவையாக இருக்கலாம், கொடுமை தாங்காமல் வெளியேறியவராக இருக்கலாம், பஞ்சத்தில் எல்லோரையும் பறிகொடுத்தவராக இருக்கலாம். பதிவேடு காரணம் எழுதவில்லை, நீங்களும் எழுதிச் சேர்க்காதீர்கள். ஊரில் மனைவி மக்களை விட்டுவந்து இங்கே இன்னொரு குடும்பம் கண்டவர்கள், ஓரத்தில் ‘இந்தியா திரும்பினார்’ என்ற குறிப்போடு இங்குள்ள பிள்ளைகளை விட்டுப்போனவர்கள் என்று எல்லா வகையும் வரும். அப்படிப்பட்ட ஒரு குறிப்பைப் பார்த்த பிறகுதான், ஏன் நம் பாட்டி தன் தகப்பனைப் பற்றி ஒருநாளும் வாய்திறக்கவில்லை என்பது பல வீடுகளில் விளங்குகிறது.

கிராமப் பெயர் கிடைத்தவுடன் விமானச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். பதிவேட்டின் ஜில்லா இன்றைய மாவட்டம் அல்ல. தென்னார்க்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்து, 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. வடார்க்காடு 1989-இல் பிரிந்து, வேலூர் 2019-இல் மறுபடி மூன்றானது. தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம், அதிலிருந்து 2020-இல் மயிலாடுதுறை. புதூர், நல்லூர் என்ற பெயரில் ஊர்கள் எத்தனையோ உண்டு, தாலுகா பெயர் இல்லாமல் தேடினால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். ‘மெட்ராஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகம், சொந்த ஊராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாருக்கு இந்தச் சேவை பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1730களிலிருந்து, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோருக்குக் குடியேறி எண்ணே கிடையாது. ஞானஸ்நானப் பெயரோடு தேவாலயப் பதிவுகளில்தான் அவர்கள் இருப்பார்கள். அவர்கள் போக வேண்டியது தேசிய ஆவணக் காப்பகத்துக்கு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் தடமும் அந்த வழியில்தான்.

வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்காக மட்டும் வருகிறவர்களும் இப்போது உண்டு. 2024 மார்ச்சில் மொரீசியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை தகுதி நீட்டிக்கப்பட்டது. அவர்களுக்கு ஒரே ஓர் அறிவுரை: சங்கிலியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகக்கூடாது. ஒரு தலைமுறையில் பெயர் எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் அதை விளக்கும் பத்திரத்தையும் சேர்த்து வையுங்கள்.

மொத்தத்தில் ஆப்ரவாசி காட்டுக்கு மதிப்பெண் ஐந்தில் நாலு, மோக்காவுக்கு, தயாராகப் போகிறவர்களுக்கு, ஐந்தில் ஐந்து. நவம்பர் 2-ஆம் தேதி ஆப்ரவாசி காட் பக்கம் போகாதீர்கள், அரசு விழா, மாலை, மேடை, கூட்டம், அமைதியாக நிற்க இடம் கிடைக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாம் மூடிவிடும். போர்ட் லூயியில் பசித்தால் இமிகிரேஷன் ஸ்கொயர் பேருந்து நிலையப் பக்கம் தால் பூரி வாங்கிக்கொள்ளலாம். கோவிலுக்கும் போக வேண்டுமென்றால் கைலாசம் என்று சொல்லும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வரிசையை மாற்றிப் பாருங்கள் என்பதுதான் எங்கள் பரிந்துரை. சான்று தயார் என்று மோக்காவிலிருந்து தகவல் வந்த பிறகு ஒரு வார நாளில் காலையிலேயே அங்கே போய் அதை வாங்குங்கள். கப்பல் பெயரையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். பிறகு மெட்ரோ பிடித்துப் படிகளுக்கு வாருங்கள். காட் மாலை 4 மணிக்கு மூடிவிடும், மதியம் 2 மணிக்குள் ரெதுயியிலிருந்து கிளம்பினால் படியடியில் நிற்க நேரம் இருக்கும்.